மூன்று படங்களிலும் இருப்பது ஒரே சூரியன்தான் என்று சான்று கோரி

அனுப்புநர்:
ரா. கோகிலவாணி,
இயற்பியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
சின்னக்கரட்டூர், எடப்பாடி வழி,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
சின்னக்கரட்டூர் வட்டம்.

பொருள்: சூரியனுக்கு ‘ஒரே நபர்’ சான்று கிடைக்காமை – தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் க. மதுமதி, விசைத்தறித் தொழிலாளியின் மகள். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக ஒரே நண்பகலில் சூரியனை மூன்று அலைநீளங்களில் படம் பிடித்தாள். சாதாரண வெளிச்சத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. ஹைட்ரஜனின் சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டி வழியே, ஓரத்தில் தீச்சுவாலை தெரிந்தது. மாடியில் கிடந்த பழைய டிஷ் மூலம் ரேடியோ அலையில் எடுத்ததில், பூசணிக்காய் போன்ற மங்கலான உருவமே கிடைத்தது. ஒவ்வோர் அலைநீளமும் சூரியனின் வெவ்வேறு அடுக்கைக் காட்டும் என்பதே பாடம்.

2. படங்கள் முதற்பரிசு பெற்றன. ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சரிபார்ப்புக் குழு கண்டுபிடித்தது. மூன்றிலும் இருப்பது ஒரே சூரியன் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்றால்தான் மாநிலக் கண்காட்சிக்கு அனுப்புவார்களாம். முன்பு மதுமதியின் தலைப்பெழுத்து (இனிஷியல்) ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் மாறியிருந்தபோது, இருவரும் ஒருவரே என்று அவர் சான்றளித்திருக்கிறார். அந்த நம்பிக்கையில் சென்றேன்.

3. அவர் மரியாதையாக உட்காரவைத்து, படங்களை வெகுநேரம் பார்த்தார். “நான் மாட்டேன்னு சொல்லலீங்க டீச்சர். ஆனா பார்ட்டி நம்ம ஊர்ல குடியிருக்கோணுமுங்களே?” என்றார். குடியிருக்கவில்லை, தினமும் வந்துபோகிறது என்றேன். “அப்படீன்னா அது தாசில்தாரம்மா பவருங்க” என்றார்.

4. தங்கள் அலுவலக எழுத்தரோ, சம்பந்தப்பட்டவர் நேரில் வரவேண்டும் என்கிறார். ஜன்னலைத் திறக்கும்படி கேட்டேன். ஏசி ஓடுகிறது என்றார்.

5. வெளிச்சப் படத்தை மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடலாம் என்று குழு கருணையுடன் யோசனை கூறியுள்ளது. மதுமதி நேற்று, “மிஸ், நான் எடுத்ததுல எதுங்க பொய்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அதில் முத்திரை இல்லை.

6. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் சான்று வழங்கிட வேண்டுகிறேன். இயலாதெனில், வானத்தில் மூன்று சூரியன்கள் உள்ளன என்றாவது எழுதித் தாருங்கள். மூன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

இடம்: சின்னக்கரட்டூர்
நாள்: 12.11.2025

பதிலை எதிர்நோக்கும்,
ரா. கோகிலவாணி

இணைப்பு: படங்கள் மூன்று. அசலைத் தங்கள் அலுவலக வாசலிலேயே, அலுவலக நேரம் முழுவதும் சரிபார்த்துக்கொள்ளலாம்.