ஊருக்குள் ஓட்ட ஒரு வண்டி

அக்டோபர் 19

பழைய வண்டி இன்று ஜபல் அம்மான் குன்றேறும் சாலையின் நடுவில் நின்றுவிட்டது. பருவத்தின் முதல் மழை. பின்னிருக்கையில் தாலீன் பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அது அழுவுதா?" என்று கேட்டாள். பின்னால் வரிசையாக ஹாரன். ஒருவர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். "சகோதரி, இது செத்துப்போச்சு. ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு வீட்டுக்குப் போங்க."

மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார், மரியாதையாக.

மாலையில் என் கணவன் முஹன்னத், வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து போனில். "போகட்டும் விஜ்தான், வேற வாங்கிடலாம். கரண்ட் வண்டியா, பெட்ரோல் ஹேட்ச்பேக்கா, நீ பார்த்து வை." டிசம்பரோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. புது வருஷத்தில் ஊரோடு வந்துவிடுவதாகப் போன பெருநாளன்று சொன்னான். ஓட்டப்போகிறவன் அவன், ஆனால் பார்த்து வைக்க வேண்டியவள் நான்.

அக்டோபர் 21

அத்தையிடம், முஹன்னத்தின் அம்மாவிடம், கேட்டேன். பதில்: "போனு மாதிரி சார்ஜ் போடற வண்டியில நான் ஏறமாட்டேன். என் போனு எப்பப் பாரு செத்துத்தானே கிடக்கு."

அக்டோபர் 25

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்த வேண்டிய பக்கங்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வண்டியையே யோசித்தேன்.

பள்ளி, பதிப்பகம், காய்கறிச் சந்தை, அத்தையின் முழங்கால் வைத்தியர். இதற்குக் கரண்ட் வண்டி போதும். எங்கள் தெருவில் பாதி வண்டிகள் இப்போது சத்தமே இல்லாமல்தான் போகின்றன. எங்கள் கையிருப்புக்குக் கிடைப்பது யாரோ ஓட்டிக் கழித்த ஒன்று. அதன் பேட்டரி ஒரே மூச்சில் தெற்கே கடலோர அகபாவரை போகாது. பெட்ரோல் போகும்.

கல்யாணமான குளிர்காலத்தில் அகபாவுக்குப் போனோம். பாலைவனச் சாலை முழுக்க அவன் பூசணி விதை கொறித்துத் தோலை ஜன்னல் வழியே துப்பினான். காற்று அத்தனையையும் என் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. நாவல்களில் மகிழ்ச்சியை இப்படி எழுதமாட்டார்கள்.

எப்படிக் கூட்டினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. நாங்கள் நான்கு பேரா, மூன்று பேரா?

அக்டோபர் 31

வண்டிச் சந்தைக்குப் போனேன். விற்பவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி, "வீட்டுக்காரர் பார்க்கிங்ல இருக்காரா?" என்றார்.

"தம்மாம்ல இருக்கார்."

"அடேயப்பா, ரொம்ப தூரத்துல நிறுத்தியிருக்கார்."

பிறகு என் போனிலேயே முஹன்னத்துக்கு வீடியோ கால் போட்டார். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன், கொடிக்கம்பம்போல.

வெள்ளை ஹேட்ச்பேக்கின் சோதனைச் சீட்டில் அடிச்சட்டத்தின் நான்கு முனைக்கும் 'நல்லது' போட்டிருந்தது. கரண்ட் வண்டி சாம்பல் நிறம். பேட்டரியின் நலம் காட்டும் பன்னிரண்டு கோட்டில் பத்து மிச்சம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் வண்டியில் ஸ்டீயரிங் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. கூட யாரோ இருப்பதுபோல் இருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை. தாலீன் தூங்கிய பிறகு எங்கள் வீட்டுக் கூடம் எப்படி இருக்குமோ அப்படி.

வெள்ளையையே எடுக்கலாமா?

நவம்பர் 3

முஹன்னத் முடிவு சொல்லிவிட்டான்.

"கரண்ட் வண்டியே எடுத்துடு. ஊருக்குள்ள ஓட்ட அது போதும்."

"அகபா?"

"அதுக்கென்ன, நான் வரும்போது வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாப் போச்சு."

பிறகு தாலீனின் பல் விழுந்ததா என்று கேட்டான். விழுந்துவிட்டது என்றேன்.

நவம்பர் 4

ஊரோடு வந்துவிடுகிறவன் எதற்கு வாடகை வண்டி எடுக்க வேண்டும்?

நவம்பர் 15

கராஜில் பிளக் வைக்கக் கட்டடப் பொறுப்பாளரின் சம்மதம் வேண்டும். அது தரைத்தளத்து அபூ நாஜி. சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது எங்கள் கட்டடத்துக்குள் வருகிற எல்லாவற்றையும் சோதிக்கிறார். இரண்டாம் மாடி டாக்டர் கேட்டதற்கு, தீப்பிடிக்கும் என்று மறுத்துவிட்டார். இந்த மாதிரி காரியத்துக்கு ஆண்பிள்ளை போய்ப் பேசுவதுதான் வழக்கம். இர்பிதில் இருக்கும் கொழுந்தன் ஹாஸெம் 'அடுத்த வாரம்' என்கிறான். ஒவ்வொரு வாரமும்.

அத்தை கடுகடுத்தாள். "நான் பெத்த ரெண்டும் போனுக்குள்ளதான் இருக்கு. வெள்ளிக்கிழமை நாமளே போறோம். நல்லதா உடுத்திக்கோ."

வண்டியில் ஏறமாட்டேன் என்றவள்! அபூ நாஜி மறுப்பார் என்று கேள்விப்பட்டதும் அத்தைக்கு வீம்பு வந்துவிட்டது.

நவம்பர் 21

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறென்னவோ வருகிறது.

அத்தை பூவேலை செய்த கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டாள். என் கையில் பெரிய இனிப்புப் பெட்டி. அபூ நாஜியும் மனைவியும் வாசலுக்கே வந்து உட்காரவைத்தார்கள். மூத்த மகள் இன்ஆம் ஏலக்காய்க் காபி ஊற்றிக் கொடுத்தாள். மருந்துக்கடையில் வேலை, முப்பத்தைந்து இருக்கும், இன்னும் கல்யாணமாகவில்லை. அத்தை கோப்பையை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைத்தாள். நானும் வைத்தேன். கேட்கப் போனவர்கள், கேட்டது கிடைக்கும்வரை காபியைத் தொடுவதில்லை.

"உங்ககிட்ட ஒரு காரியமா வந்திருக்கோம், அபூ நாஜி" என்றாள் அத்தை.

அபூ நாஜி மனைவியைப் பார்த்தார். மனைவி இன்ஆமைப் பார்த்தாள். இன்ஆம் சட்டென்று உள்ளே போனாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா! கறுப்பு உடுப்பு, இனிப்பு, தொடாத காபி. எங்கள் வீட்டில் கல்யாணமாகாத ஹாஸெம்.

"குடிங்க உம்மு முஹன்னத்" என்றார் அபூ நாஜி. "எங்க வாசப்படி மிதிச்சுட்டீங்க. என்ன கேக்க வந்தீங்களோ, அதைக் குடுத்தாச்சு."

அத்தை ஒரே மடக்கில் குடித்தாள். "அல்லாஹ் உங்களுக்கு ஆயுசைக் குடுக்கட்டும். அப்ப நாளைக்கே ஒயரிங் ஆளை வரச் சொல்லிடறேன்."

"ஒயரிங் ஆளா?"

"கரண்ட் வண்டிக்குப் பிளக் வைக்க வேணாமா?"

அவர் மனைவி உம்மு நாஜியின் கை வாயருகே போயிருந்தது. குலவை போடுவதற்கு. அது அப்படியே இறங்கி மடியில் விழுந்தது. அபூ நாஜியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. வாக்கைத் திரும்ப வாங்கவும் முடியாது. காபி உள்ளே போய்விட்டது.

இன்ஆம் சாக்லேட் தட்டோடு கதவருகே நின்றாள். உதட்டில் புதுச் சாயம். சற்று முன்பு அது இல்லை.

"அப்பா, குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்றாள். "என்னைக் கேட்டு வந்திருந்தா மஹர் பேசியே மாசக்கணக்கா இழுத்திருப்பீங்க. பிளக்னா சுவத்துல ஒரு ஓட்டை. வேலை சுலபம்."

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவள் அவள்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

நவம்பர் 25

படிக்கட்டில் இன்ஆம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடு விஜ்தான். உங்க அத்தைக்கு நோபல் பரிசே குடுக்கலாம். எங்கப்பாகிட்ட இதுவரைக்கும் யாரும் எதுவும் வாங்கினதில்ல." பிறகு பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உள்ள போய்க் கண்ணாடி முன்னாடி நின்னேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"ஹாஸெமைப் பிடிக்குமா உனக்கு?"

"அவன் மூஞ்சியே ஞாபகமில்ல. யாரோ என்னைக் கேட்டு வந்திருக்காங்கன்னு தோணுச்சே, அந்த ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான்."

அதைக் கேட்டதாலோ என்னவோ, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"முஹன்னத் வரமாட்டான்னு நினைக்கறேன்."

"கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவான்."

அவள் தலையாட்டினாள். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. இருவருமே கையை ஆட்டி அதை எரியவைக்கவில்லை.

நவம்பர் 28

கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் ஏசி இரைவது கேட்டது. "ரெண்டு வருஷத்துக்கு நீட்டிட்டேன். செப்டம்பர்லயே கையெழுத்துப் போட்டாச்சு. அங்க வந்து எனக்கு என்ன வேலை இருக்கு, நீயே சொல்லு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவ."

நான் அழவில்லை. அவன் வண்டிப் பேச்சுக்குத் தாவி, "சாம்பலா, வேற கலரா?" என்று கேட்டான்.

செப்டம்பர்லயே! அப்ப அக்டோபர்ல எதுக்கு என்னைப் பாத்து வைக்கச் சொன்ன? சந்தையில அரை மணி நேரம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, அப்பவும் உனக்குத் தெரியும். வெள்ளை வண்டியில உக்காந்து நான் அகபாவுக்கே போயிட்டு வந்துட்டேன், மனசுக்குள்ள. லூசு மாதிரி—

போதும்.

நவம்பர் 30

கோபத்தில் வெள்ளையையே வாங்கிவிடலாமா என்றும் நினைத்தேன். யாருக்குக் காட்ட? காலையில் தாலீனைப் பள்ளியில் விட வேண்டும். மதியம் அத்தைக்கு வைத்தியர். குடும்பத்துக்கு வண்டி என்றால் குடும்பம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டது.

டிசம்பர் 6

சாம்பல் நிற வண்டி வந்தது. என் பெயரில். அத்தை கண்ணேறு படாமலிருக்கக் கண்ணாடியில் நீலமணி கட்டினாள், ஓதி ஊதினாள், முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். மூன்றாவது வட்டச் சந்திப்பைத் தாண்டியதும், மெதுவாக, "அவன் எனக்கும் சொல்லல மகளே" என்றாள்.

நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுவதில் ஒரு வசதி அது.

டிசம்பர் 14

வேலை முடிந்து கராஜுக்குள் வந்தால் உடனே மேலே போவதில்லை. பிளக்கைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்து சில பக்கங்கள் படிக்கிறேன். படிப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 3

பத்து நாள் விடுப்பில் முஹன்னத் வந்தான். விமான நிலையத்தில் தாலீன் என் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். அவன் மெலிந்திருந்தான், காதோரம் நரை. பெட்டிகளை வைத்துவிட்டுப் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் வந்தான். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். ஒரு கணம் நின்று, சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினான்.

பெல்ட்டைத் தேடினான், மாட்டினான். விமானம் தாமதமானதைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, எதற்கோ காத்திருப்பவன்போல் என்னைப் பார்த்தான்.

"என்ன, வண்டியக் கிளப்பலையா?"

"கிளப்பியாச்சு" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே பார்க்கிங் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.