கேட்காமல் போட்ட டிக்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நலம். மீன் ஆலை வேலையில் கை வாடைதான் போகமாட்டேன் என்கிறது.

திங்களன்று என்னை நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரக் கூப்பிட்டார்கள். பயப்படாதீர்கள், யாரோ படகு திருடிய வழக்குதான். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நான்கு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் இமோஜீன் என்ற எழுபத்தொன்பது வயது அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆள் தேர்ந்தெடுக்கும்போது வக்கீல் அவரிடம் கேட்டார், "எழுபது தாண்டினவங்க வரலைன்னு எழுதிக் கொடுத்திடலாமே. நீங்க ஏம்மா வந்தீங்க?"

"வீட்டுல யாரும் என்கிட்ட எதையும் கேக்கிறதில்ல தம்பி. இங்க நான் சரின்னு சொல்லாம தீர்ப்பு வராதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு வந்த ஜூரி அழைப்பை வழக்கம்போல என்னிடம் நிரப்ப அனுப்பினீர்கள். வயதானவர், விலக்கு வேண்டும் என்ற கட்டத்தில் நானே டிக் போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால் போடாதீர்கள்.

நம் மரத்து பீக்கன் கொட்டை ஒரு பை அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் ருசியே இல்லை. ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். பையோடு இரண்டு வரி பதிலும் வையுங்கள்.

அப்பா, உங்களுக்குப் போக விருப்பமா?

லெனோரா