இடம் வகுத்துவிட்டுப் போனவளுக்கு

ஹாபாய், டோங்கா
மார்ச், சனிக்கிழமை மாலை

ஆண்டவருக்குள் பிரியமான மகள் கலோலைனேக்கு,

உன் தகப்பன் எழுதுவது. கடலை அதன் எல்லைக்குள் நிறுத்திவைத்திருக்கிற தேவன், ஆஸ்திரேலிய மண்ணில் உன்னையும் தம் நிழலுக்குள் வைத்துக் காக்க வேண்டுமென்று அனுதினமும் மன்றாடுகிறேன். நானும் உன் மகள் லுசெயானேயும் உடலளவில் சுகமாயிருக்கிறோம். நீ அனுப்பிய தகரம் சென்ற கப்பலில் வந்து இறங்கியது. புயல் திறந்துவிட்டுப் போன கூரைப் பக்கத்தைச் சபை வாலிபர்கள் மூடிவிட்டார்கள். இனி மழைக்குப் பயமில்லை.

தலைமையாசிரியர் மோசெசே உன்னிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னார். ஈஸ்டருக்குள் நீ திரும்பி வருவாயா என்பதே அது. வராவிட்டால் ஐந்தாம் வகுப்பை மூடிவிடக் கல்வி இலாகா தீர்மானித்திருக்கிறது. பிள்ளைகள் பெரிய தீவுக்குப் போய், உறவினர் வீடுகளில் தங்கிப் படிக்க வேண்டுமாம். லுசெயானேயும் போக வேண்டும். நீ பதில் எழுதுமுன், உனக்குப் பின் உன் வகுப்புக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லதென்று எண்ணுகிறேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் நீ ஒரு பாடத்தையும் தொடங்கவில்லை. மணி அடித்தால் எங்கே வரிசையாக நிற்பது, செருப்பை எங்கே விடுவது, ஜெபத்துக்குப் பின் யார் முற்றம் கூட்டுவது, விடை தெரிந்தவன் கத்தாமல் எப்படிக் கை உயர்த்துவது என்று இவற்றையே திரும்பத் திரும்பப் பழக்கினாய். சிதிவேனியின் வளர்ப்புத்தாய் மெலெனைதே வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, “ஏண்டி கலோலைனே, எம்புள்ள ஒரு வயசுலேருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கான்? அதுக்கு ஒரு வாத்தியாரம்மாவா?” என்று கேலி செய்தாள். “நிக்கிறான்க்கா, சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்கிறானே!” என்று நீயும் சிரித்தாய். எனக்கோ நகைப்பு வரவில்லை. சிருஷ்டிகர் முதல் நாட்களில் எந்த உயிரையும் உண்டாக்கவில்லை அல்லவா? ஒளிக்கும் இருளுக்கும், நீருக்கும் நிலத்துக்கும் இடம் வகுப்பதிலேயே அந்நாட்களைச் செலவிட்டார். என் மகள் அவ்வழியில் நடக்கிறாள் என்று உள்ளுக்குள் துதித்தேன்.

இரண்டாம் வாரம் உனக்கு விசா வந்தது. நீ புறப்பட்டாய். அதைக் குறித்து நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லேன்.

உன் இடத்துக்குத் தலைநகரிலிருந்து ஹெமலோத்தோ என்ற இளம்பெண்ணை அனுப்பினார்கள். பணிவுள்ளவள். மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டாமல் ஒருநாளும் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. ஆனால் நீ ஆண்பிள்ளைகளைக் கடல் பக்கமும் பெண்பிள்ளைகளைத் தோட்டப் பக்கமும் அமர்த்தியிருந்தது அவளுக்குச் சரிப்படவில்லை. கடல் பக்கத்துக் கூச்சலை அடக்க, ஒரு பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்று மாற்றி அமர்த்தினாள். அண்ணன் தங்கை முறையானவர்களை, மரியாதை கருதி, சேர்த்து அமர்த்தலாகாது என்பதை அவளும் அறிவாள், டோங்காவில் பிறந்தவள்தானே? ஆகவே குடும்பப் பெயர்களை ஒத்துப் பார்த்தே அமர்த்தினாள். அங்கேதான் தவறினாள். உன் பெரியம்மா மகளுக்குப் பிறந்த சிதிவேனி மெலெனைதே வீட்டுக்குத் தத்துப் போனவன். அவர்கள் பெயரையே தாங்கியிருக்கிறான். லுசெயானேக்கு அவன் அண்ணன் என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும். ஹெமலோத்தோவுக்கு யார் சொல்வார்?

லுசெயானே அவனருகில் உட்காரவில்லை. நின்றாள். அவனும் எழுந்து நின்றான். ஆசிரியை காரணம் கேட்டபோது இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர்களுக்கு எதிர்வாய் பேசலாகாது என்று வளர்த்தது நாம்தானே! சொன்னபடி உட்காராதவர்கள் வெளியே நிற்க வேண்டுமென்பது அவள் வகுத்த விதி. இருவரையும் உச்சிவெயிலில் நிறுத்தினாள்.

மறுநாள் இருவருமே பள்ளிக்குப் போகவில்லை. காரணத்தை நான் மெல்ல மெல்லத்தான் அறிந்தேன். தன்னால் தங்கை தண்டனை பெற்றதால் அவள் கண்ணில் படவே சிதிவேனிக்கு நாணம். தான் வராமலிருந்தால் அண்ணன் வருவான் என்று லுசெயானே வீட்டில் இருந்துவிட்டாள். ஒருவருக்காக ஒருவர் விலகி, இரண்டு இடங்களும் வெறுமையாயின.

நான் போய் உறவு முறையை விளக்கினேன். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “அந்தப் பசங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாத்தா. நான் என்ன ராட்சசியா?” என்றாள். அன்றைக்கே நீ வகுத்தபடி இடங்களை மாற்றினாள். லுசெயானே திரும்பிப் போனாள். சிதிவேனி வரவில்லை. தன் மாமனோடு கடலட்டை எடுக்க மூழ்கப் போகிறான். மெலெனைதே இப்போது கேலி பேசுவதில்லை. என்னைக் கண்டால் வேறு பாதையில் திரும்பிவிடுகிறாள்.

அதன் பிறகு ஹெமலோத்தோ எந்தப் பிள்ளையையும் எதற்கும் கண்டிக்க அஞ்சினாள். செருப்புகள் வாசலெங்கும் சிதறின. மணி அடித்தாலும் பாதிப் பேர் மாமரத்தடியில் கிடந்தார்கள். சென்ற வெள்ளிக்கிழமை கப்பலில் அவளும் போய்விட்டாள். அங்கே நீ செய்கிற வேலைக்கே அவளும் விண்ணப்பித்திருந்தாளாம். “கோவிச்சுக்காதீங்க தாத்தா” என்று என் கையைப் பிடித்தாள். நான் எப்படிக் கோபிப்பேன்?

இந்தத் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மோசெசே ஆறாம் வகுப்பைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதால் ஐந்தாம் வகுப்புக்கு ஆளில்லை. லுசெயானே தானாகவே மணி அடித்திருக்கிறாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, செருப்புகளை ஒழுங்காய் விடச் சொல்லி, ஜெபம் செய்து, கடல் பக்கமும் தோட்டப் பக்கமும் அமர்த்தியிருக்கிறாள். என்ன அதிசயமோ, எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். கை கட்டி, கரும்பலகையைப் பார்த்தபடி நண்பகல் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்தவள் மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. “அம்மா செஞ்ச மாதிரியே எல்லாம் செஞ்சேன் தாத்தா. எல்லாரும் அமைதியா உக்காந்தாங்க. அதுக்கப்புறம் என்ன சொல்லிக்குடுக்கணும்னுதான் எனக்குத் தெரியல” என்றாள். வேதத்தையும் முன்னோர் பாடல்களையும் ஆயுள் முழுதும் ஓதினவன் நான். ஐந்தாம் வகுப்புப் பாடம் அறியேன். கிழங்கை மூடி வைத்தேன். மறுநாள் அவள் மணி அடிக்கவில்லை.

மகளே, உன் ஒப்பந்தத்தை அறிவேன். அங்கே நீ குளிப்பாட்டி உணவூட்டுகிற முதியவர்களும் தேவனுடைய பிள்ளைகளே. அவர்களை விட்டு வா என்று எழுத எனக்கு உரிமையில்லை. அதனால் மோசெசேயின் கேள்வியை மட்டும் அவர் சொன்னபடியே மேலே எழுதிவிட்டேன். லுசெயானேயின் துணிகளை இன்னும் பெட்டியில் அடுக்கவில்லை. அடுக்கச் சொல்லி நான் அவளிடம் கூறவும் இல்லை.

உன் புறப்பாட்டை ஆசீர்வதித்த கர்த்தர், உன் வருகையையும் ஆசீர்வதிப்பாராக.

உன் தகப்பன்,
பெனிசிமனி