ஓரம் வெட்டாத இதழ்

ஒக்டோபர் 4, சனி

மழை. நாங்கள் குடியேறிய தோர்ண்டன் ஹீத் முழுக்கக் குடை. சரஸ்வதி பூசை முடிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சாமி அலுமாரியைத் துப்புரவாக்குவது இம்முறை என் தலையில். கிடைத்தவை: வாடின பூ, என் கணக்குப் புத்தகம் (திரும்பி வராமலே இருந்திருக்கலாம்), பூட்டனின் சஞ்சிகை.

அப்பாவின் பூட்டன் நூறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் சொந்தமாக நடத்தியது. மிஞ்சியது இந்த ஒரே இதழ். பூசைக்குப் பூசை அட்டையில் சந்தனம், குங்குமம். என்னை விட அதிகம் பொட்டு வைத்தது அதுதான். புதன்கிழமை நூலகத்துக்குக் கொடுக்கிறோம்.

முதல்முறையாகத் திறக்கப் பார்த்தேன். திறபடவில்லை. தாள்கள் மடித்தபடி, ஓரம் வெட்டாமல், ஒட்டின கடித உறை மாதிரி.

அம்மா: "என்னடி, கிழிச்சுப்போட்டியோ?"

"நானில்லை. நம்புங்கோ, இந்தமுறை உண்மையா நானில்லை."

ஒக். 6, திங்கள்

டிடென்ஷன்: பள்ளி விட்டும் இருத்தி வைத்தார்கள். (காரணம்: வாத்தியாரின் கதிரை. விவரம் வேண்டாம்.)

நூலகப் பெண்ணுக்கு அப்பா போன் எடுத்தார். அந்தக் காலத்துச் சஞ்சிகைகள் பல அப்படித்தான் வருமாம்; வாங்கியவர் கத்தியால் ஓரம் வெட்டி வாசிக்க வேண்டும். வெட்டாத பிரதி அபூர்வம், அப்படியே கொண்டுவாருங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம் என்றாராம்.

"அப்ப இதை ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

"இல்லை அப்பா. கும்பிட்டிருக்கிறம்."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஊரே வாசிச்சதெண்டு சொல்லித் திரிஞ்சனான்" என்றார். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ஒக். 7, செவ்வாய்

காற்று. மடிப்புக்குள் போன் லைட் அடித்துப் பார்த்தேன். "நமது" என்று ஒரு சொல். மிச்சத்தை நானே இட்டுக்கட்டி வாசித்தால் அப்பா நம்புவார். அவர் முகத்தைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

"வெட்டினா எடுக்கமாட்டினமோ?"

"எடுப்பினம் அப்பா. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கமாட்டினம்."

அம்மா, குசினிக்குள்ளிருந்து: "இஞ்சையும் இவ்வளவு காலம் கண்ணாடிக்குள்ளைதானே கிடந்தது."

அப்பா பட்டர்க் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, இறுக்கிப் பிடி."

சர்ரென்று ஓரம் பிரிந்தது. தூசு. என் தும்மல். மடிப்புக்குள் இருந்த பக்கத்தை அப்பா மெதுவாக வாசித்தார்: "நமது சஞ்சிகையை வாசித்தவர் எவரேனும் உளரேல், நன்றோ தீதோ, ஒரு வரி எழுதியனுப்ப வேண்டுகிறோம். இங்ஙனம், பத்திராதிபர்."

அம்மா வந்து டிவியை நிறுத்தினார்.

அப்பா, எழுதப் பேனை எங்கே என்று கேட்டார்.