ஜன்னலுக்கு வெளியே ஒரு பாடம்

ரெய்க்யவிக், பிப்ரவரி 1964

அன்புள்ள அய்யனுக்கு, உங்கள் மகன் மாரப்பன் கும்பிட்டு எழுதுவது. நலம். உங்கள் இருமல் நின்றதா?

ஐஸ்லாந்து மொழியைச் சரியாக உச்சரித்துக் காட்டினால்தான் இங்கே என் படிப்பு தொடரும். கேட்டுப் பழகும் இசைத்தட்டுகள், நீங்கள் வேலை செய்யும் தோட்டத்து முதலாளி மகன், இங்கே என்னோடு படிக்கும் கோவிந்தராஜுலுவிடம் மட்டுமே இருக்கின்றன. அவன் அறைக்குப் போனேன்.

"உள்ள வராத மாரப்பா. ஜன்னலத் தொறந்து வெக்கறேன், வெளிய நின்னு கேட்டுக்க" என்றான்.

"பனி கொட்டுதுங்க" என்றேன். அவனுக்கு இங்கேயும் 'ங்க' போட்ட என் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கவலை வேண்டாம். மாலையில் நான் வேலைக்குப் போகும் மீன் கிடங்குப் பெண்கள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாயைத் திறந்து காட்டிச் சொல்லித்தருகிறார்கள். தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

கொஞ்சம் கொள்ளுப்பொடி அனுப்புங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தோட்டத்தில் இனிக் கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றினால் வாங்காதீர்கள், அய்யா.

மாரப்பன்