இடது முன்சக்கரம்

மார்ச் 3, திங்கள்

காலையில் இரண்டு பிரேக் வேலை, ஒரு கிளட்ச். மதியத்துக்கு மேல் பட்டறையின் பின்பக்கம் போய் அத்தான் வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். போன வருஷம் விபத்துக்குப் பிறகு இழுத்து வந்து நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா போன் செய்தாள். பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டாளாம், மாசக் கடைசியில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வாராம். என் மாடி அறையில் இருக்கும் தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றவள், சொன்ன சொல் மாறவில்லை.

அன்றைக்கு ஓட்டியவன் அவன். பக்கத்துச் சீட்டில் அத்தான். வளைவில் வண்டி மரத்தில் மோதியது. இவன் கைக்கட்டோடு எழுந்தான், அவர் எழவில்லை. “வண்டி தானா இழுத்துச்சு மாமா, நான் அந்தப் பக்கம் திருப்பவே இல்ல” என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அக்கா அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

வண்டி பழைய இரும்பாக உருகிப் போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் மூட்டு, அந்த பால் ஜாயிண்ட், மோதியதால் கழன்றதா? கழன்றதால் மோதியதா? உள்ளே தேய்ந்திருந்தால் பையன் சொன்னது நிஜம்.

மார்ச் 5, புதன்

சக்கரம் பாடிக்குள் மடங்கிக் கிடக்கிறது. வெளியிலிருந்து மூட்டு தெரியவில்லை. மூட்டைத் தாங்கும் கீழ்க் கம்பியை, அந்த ஆர்மை, முழுசாகக் கழற்றினால்தான் உண்டு. அதன் பின்பக்க போல்ட் துருவேறி, தன்னைச் சுற்றியிருக்கும் புஷ் குழாயோடு ஒரே இரும்பாகிவிட்டது.

வேறு வண்டியாக இருந்தால் கேஸ் தீயைக் காட்டி ஒரு டீ ஆறுவதற்குள் முடித்திருப்பேன். இதில் முடியாது. சூடு ஏறினால் மூட்டின் ரப்பரும் கிரீஸும் கருகிவிடும். அப்புறம் தேய்ந்ததா இல்லையா என்று யாரைக் கேட்பது? கிரைண்டர் நுழைய இடமில்லை. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நகரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். அந்தப் பழமொழியைச் சொன்னவனைக் கூட்டிவாருங்கள், இந்தப் போல்ட்டைக் காட்டுகிறேன். அதுவும் நானும் விடாக்கண்டன் கொடாக்கண்டன்.

பட்டப்பகல். பட்டறையில் நான் மட்டும். வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது மேலே சீட் ஸ்பிரிங் முனகியது. உட்கார்ந்திருப்பவர் ஒருக்களித்து நகர்ந்தால் வருமே, அந்தச் சத்தம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, நான் அடித்த அடிக்கு அசைந்திருக்கும். தெரியும். தெரிந்தும் வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். பக்கத்துச் சீட் அவர் சாய்த்துக்கொண்ட அளவிலேயே சாய்ந்திருக்கிறது. பெல்ட் பாதி இழுத்தபடி நின்றுவிட்டது.

“என்ன அத்தான்?” என்று கேட்டுவிட்டேன். பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

போல்ட் தலை மழுங்க ஆரம்பித்துவிட்டது. தலை போனால் எல்லாம் போச்சு. இன்று தட்டவில்லை, எண்ணெய் மட்டும்.

பையன் வேலை முடிந்து வந்து வாசலோடு நின்றான். உள்ளே வரமாட்டான், எதற்கு இந்த வேலை என்றும் கேட்கமாட்டான். எங்கே போனாலும் நடந்தேதான் போகிறான். பஸ்ஸில்கூட டிரைவர் பக்கம் பார்க்காமல் உட்காருவானாம். இப்படியே விட்டால் இவனும் துருப்பிடித்துப் போவான்.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது. ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், உடம்பெல்லாம் கூசியது. பிறகு கால் திருப்பு, அரைத் திருப்பு. ஆர்ம் மொத்தமாகக் கைக்கு வந்தது.

மூட்டின் கிண்ணம் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. ஒரு நாளில் ஆகிற தேய்மானம் இல்லை. அதற்குள் உருளும் இரும்புக் குண்டு தானாகவே நழுவி வெளியே வந்திருக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை. சொல்லவே இல்லை!

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கிழிந்த ரப்பர் உறைக்குள் துணி இருந்தது. நீளமாகக் கிழித்து, கிரீஸில் தோய்த்து, மூட்டைச் சுற்றி இறுக்கமாகத் திணித்து, மேலே கம்பி கட்டி... எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்யமாட்டான். அத்தான்தான். உன்கிட்ட விட்டா ஒரு வாரம் வண்டி வராதுடா என்று சிரிப்பாரே. மூட்டு தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டார்.

ஏன் அத்தான்? சத்தம்தானே அது நமக்குச் சொல்கிற சேதி?

மார்ச் 15, சனி

பையனிடம் காட்டினேன். கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. துணியைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

“ஜாயிண்ட் தேஞ்சு போச்சுன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லுங்க மாமா. இந்தத் துணியைப் பத்தி வேண்டாம். அப்பா மேல அவங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.”

இவனையா அவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள்?

மார்ச் 17, திங்கள்

அக்காவை வரச் சொன்னேன். தேய்ந்த கிண்ணத்தைக் காட்டி, பையன் சொன்னபடியே சொன்னேன். துணியைச் சுருட்டி ஆணி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மறைக்கத் தெரியாத மடையன் நான். நீலக் கட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை இழுத்து எடுத்தாள். கையெல்லாம் கிரீஸ்.

“இது எங்க வீட்டுத் தலையணை உறை.”

துணியை விரித்து, கட்டத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம்டா, தலைவலி. அது நின்னாத்தான் இனிமே வண்டியில ஏறுவேன்னு சொன்னேன். மறுநாளே நின்னு போச்சு. நல்ல வேலை பண்ணினீங்கன்னு சொன்னேன் அவர்கிட்ட.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. இந்தத் துணி விஷயம் அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், உன்னிடம் சொல்லவேண்டாம் என்றவனே அவன்தான் என்றேன். துணியைக் கையில் பிடித்தபடியே மாடிப்படி ஏறினாள். நான் பின்னால் போகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரவு அக்கா திரும்பிப் போகவில்லை. காலையில் இருவர் கண்ணும் வீங்கியிருந்தது. நான் மூன்று பேருக்கும் டீ போட்டேன்.

மார்ச் 31, திங்கள்

பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்த் திட்டு. சீட் முனகும் சத்தம் இன்றும் ஒருமுறை கேட்டது. சீட்டே இல்லை, எங்கிருந்து கேட்கிறது?

ஏப்ரல் 6, ஞாயிறு

பையன் என் வண்டியை எடுத்தான். கேட்டது அக்காதான், ஊருக்கு வெளியே அந்த வளைவுவரை. முன்சீட்டில் அவள், பின்னால் நான். பையன் மெதுவாகத்தான் ஓட்டினான், ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கடகடவென்று சத்தம். சட்டென்று ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். என்னுடைய ஸ்பானர் பெட்டிதான் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்து அடியில் செருகப் போனேன்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிட்டாள். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

“வேண்டாம்டா. சத்தம் வரட்டும்.”

போகும்போதும் வரும்போதும் கடகடத்துக்கொண்டேதான் வந்தோம்.