சுவரில் விட்ட காலியிடம்

17 ஆகஸ்ட் 2006, வியாழன்
விடாத மழை. குடைக் கம்பி ஒடிந்தது. ஜூ டவுன் பக்கம் போகும்போது மாற்ற வேண்டும்.
எங்கள் பத்திரிகையில் முதல் பக்கம்: "இனி 12 கிரகங்கள்." பிராகில் கூடிய வானியலாளர்களின் யோசனை மட்டுமே அது. வாக்கெடுப்பு 24-ம் தேதி என்பது கடைசி வரியில். தலைப்புப் போட்டவர் அதுவரை படிக்கவில்லை.
என் மனைவி லட்சுமி அறிவியல் எடுக்கும் சுள்ளிக்கல் பள்ளியில், வராந்தாச் சுவரில் பெயிண்டர் முத்து சூரியக் குடும்பம் வரைகிறான். நெப்டியூன் வரை முடிந்தது. 25-ம் தேதி கவுன்சிலர் திறந்துவைக்கிறார்; படத்தை விளக்கிப் பேசுவது லட்சுமி. தலைமை ஆசிரியை பத்திரிகையோடு வந்து, பன்னிரண்டும் வேண்டும் என்றாராம். புளூட்டோ, அதன் நிலவு சாரன், செரஸ், இன்னும் பெயர் வைக்காத ஒன்று.
"ஓட்டு எண்ணட்டும். அதுவரை அந்த இடம் காலியா இருக்கட்டும்னு சொல்லு."
"பன்னிரண்டே ஜெயிச்சா? வெறும் சுவத்து முன்னாடி நிக்கப்போறது நான்."
மட்டாஞ்சேரித் தேர்தலில் ஒரு வேட்பாளர் வாக்கு எண்ணிக்கை பாதியிலேயே மாலை போட்டு ஊர்வலம் போனதைச் சொன்னேன். மற்றவர்கள் "வெற்றி" என்று எழுதினார்கள். நான் "முன்னிலை" என்றேன். மாலை வாடும் முன் தோற்றார்.
ல. சிரிக்கவில்லை. ஆனால் முத்துவை நிறுத்திவிட்டாள்.

19, சனி
மீன் விலை ஏற்றம். இருமல்.
பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை: "டீச்சரே, கவுன்சிலர் கேட்டா உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாருன்னு நான் பறையணுமா?" ல. முகம் சிவந்தது.
முத்து தூரிகை கழுவிக்கொண்டே: "சாரே, அந்தப் பேரு இடாத்த பிள்ளைக்கும் சந்திரன் உண்டோ?"
"உண்டு. ஒண்ணு."
"பாக்கியவான்."

22, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது.
பிராகில் சண்டையாம். வரைவை மாற்றுகிறார்கள். எந்தப் பக்கம் சாயும், தெரியவில்லை.
ல.: "நிச்சயமா எட்டுதானா?"
"தெரியாது. பொறுன்னுதான் சொன்னேன்."
"இது நல்ல தைரியம்."

24, வியாழன்
சாயங்காலம். கப்பைக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது பத்திரிகை டெஸ்கிலிருந்து போன். முடிந்தது. கோள்கள் எட்டு. புளூட்டோ, செரஸ், பெயரில்லாதது மூன்றும் குறுங்கோள்கள். சாரன் பழையபடி நிலவு.
இரண்டு முறை கேட்டு உறுதி செய்தேன். அப்புறம்தான் ல.விடம் சொன்னேன். கரண்டியோடு போய் முத்துவுக்குப் போன் போட்டாள். "விடிஞ்சதும் வந்துடு, முத்து. மூணு சின்னது. புளூட்டோவுக்கு மூணு நிலா. சாரனைப் பெரிசா, மத்த ரெண்டையும் பொட்டு மாதிரி."
நாளைய தலைப்பை டெஸ்க் என்னிடமே கேட்டது. போனிலேயே சொன்னேன்.

25, வெள்ளி
தூறல். சுவரில் ஈரம் காயவில்லை. காலியிடத்தில் தனி வரிசையாக மூன்று குறுங்கோள். செரஸ் ஒற்றையாக. பெயரில்லாததற்கு எண் மட்டும், பக்கத்தில் அதன் நிலவு. முத்து அதற்கு நல்ல வெள்ளை கொடுத்திருந்தான்.
கவுன்சிலர் கையில் இன்றைய பத்திரிகை. சுவரைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். "நேத்து ராத்திரி வந்த நியூஸ் இதுக்குள்ள சுவத்துல ஏறிடுச்சா?"
தலைமை ஆசிரியை: "எங்க ஸ்கூல் அவசரப்படலை சார். காத்திருந்து இட்டதாக்கும்."
ல. என் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு மைக் முன் நின்று, சாரன் ஏன் நிலவாகவே இருக்கிறது என்று பேப்பர் இல்லாமல் பேசினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். முத்து விசில்.
கூட்டம் கலைந்ததும் மேஜையில் மிஞ்சிய மாலையை எடுத்து வந்தாள்.
"எண்ணி முடிச்சாச்சுல்ல. இப்போ போட்டுக்கலாம்."
என் கழுத்தில் போட்டாள். பஸ் ஸ்டாப் வரை நான் கழற்றவில்லை.